இன்னும் மூன்று டிகிரி

நிலவறையில் பதினொன்று.
மேசைக்கு வரும்போது பதினைந்து இருக்க வேண்டும்.
இடையிலுள்ள நான்கு டிகிரிக்கு
அடுப்போ வெந்நீரோ உதவாது,
நேரம்தான் ஏற்ற வேண்டும்.
அதனால் மதியமே எடுத்துத் திறந்து வைத்தேன்
சமையலறை அலமாரியில்,
வெங்காயக் கூடைக்கு எட்டாத தூரத்தில்.

நான்கு மணிக்கு வருகிறேன் என்றிருந்தான் ஓபேன்.
ஜூரா மலைப்பாதையில் பிப்ரவரிப் பனி
யாருடைய கடிகாரத்தையும் மதிப்பதில்லை.
ஐந்தரை. ஆறு. ஏழாக ஐந்து நிமிடம்.
கணப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தேன்,
வருகிறவனுக்குக் குளிருமே என்றா
என் கை சும்மா இராது என்றா, தெரியாது.
அறை இருபத்து மூன்றைத் தொட்டது.
புட்டியின் கழுத்தில்
நிலவறை துளிகூட மிச்சமில்லை.

ஒயினுக்கான வெப்பமானி போன கோடையில் உடைந்துவிட்டது.
மருந்துப் பெட்டியில் கிடந்ததை வைத்துப் பார்த்தேன்.
முப்பத்தைந்துக்குக் கீழே அதற்கு எண்ணத் தெரியாது.
அதன் கணக்கில்
இந்த ஒயின் எப்போதோ செத்துவிட்டது.

தக்கையை அழுத்தி
ஜன்னலுக்கு வெளியே பனியில் நட்டேன்.
ஐந்தே நிமிடம்.
அப்போதுதான் கார் வெளிச்சம் வளைவில் திரும்பியது.

நாங்கள் கல்யாணம் செய்த இலையுதிர்காலத்தில்
பீப்பாயில் இறங்கிய சாறு அது.
ஆறு வருடமும் மூன்று மாதமும்
தொடக் கூடாது, குறைந்ததை நிரப்பக் கூடாது.
மேலே ஈஸ்ட் ஓர் ஏடு கட்டும்,
பால் ஆறும்போது படிகிறதே, அது மாதிரி.
லிட்டருக்கு அறுபத்திரண்டு சென்டிலிட்டர்தான் மிஞ்சும்.
புட்டியையே அந்த அளவுக்குத்தான் செய்கிறார்கள்,
இழப்பை முன்கூட்டியே ஒத்துக்கொண்ட கண்ணாடி.
கல்யாணம் நான்கு வருடம் தாங்கியது.
ஒயின் எங்களைப் பொருட்படுத்தவில்லை.

தோளில் பனியோடு வந்தான். காகிதங்கள் மட்டும் உலர்ந்திருந்தன.
அவன் பேரில் இருந்த சரிவு என் பேருக்கு,
என் பேரில் இருந்த கடனில் பாதி அவன் பேருக்கு.
நாலு இடத்தில் கையெழுத்து.
மூன்றைப் போட்டான். பேனா நின்றது.
"மேல் வரிசையை யார் கவாத்து பண்ணுவது?"
"நீ இல்லை."
அதற்கப்புறம் நாங்கள் பேசியது
மலைக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும்:
ஒழுகிய கொட்டகைக் கூரை,
டிராக்டரை விற்றது யார்,
அவன் அம்மாவின் அடக்கத்துக்கு நான் போட்டுப் போன சிவப்புக் காலணி.

ஜன்னல் ஞாபகம் வந்தபோது
புட்டிக்குப் பனி ஒரு தொப்பி வைத்திருந்தது.
ஊற்றினேன். பல் கூசியது.
வால்நட் இல்லை, மசாலா வாடை இல்லை,
மஞ்சளாக ஒரு குளிர், அவ்வளவுதான்.
"கெட்டுப்போச்சா?"
"இல்லை. வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது."

கோப்பையைத் தண்டில்தான் பிடிக்க வேண்டும் என்று
பதினேழு வருடமாக விருந்தாளிகளுக்குச் சொல்கிறேன்.
இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம்,
கோப்பையின் வயிற்றை.
ஏழு. ஒன்பது. மூக்கை விட்டு விட்டு ஊகம்.
"இப்போ?"
"இன்னும் மூன்று டிகிரி."
கத்தினால் ஏறும் என்றால்
எப்போதோ ஏறியிருக்கும்.

ஆறுவதற்கு ஒரு சொல் உண்டு.
காப்பி ஆறும், கோபம் ஆறும், புண் ஆறும்.
சில்லிட்டது மெல்ல ஏறி வருவதற்கு
என்னிடம் சொல் இல்லை,
கைதான் இருந்தது.

முதலில் வால்நட் வந்தது, அவனுக்கு.
எனக்கு ஈர வைக்கோல்.
அதற்கும் ஒரு சண்டை, குரல் உயராமல்.
நான்காம் கையெழுத்தைப் போட்டான்.
பனி வாரும் வண்டி போனதும்
அதன் தடத்திலேயே இறங்கிப் போனான்.

அவன் கோப்பையில் ஒரு விரல் மிச்சம்,
கணப்பை ஒட்டி.
படுக்கப் போகும்முன் குடித்தேன்.
இருபதுக்கு மேலேயே இருக்கும்.
விருந்தாளிக்கு ஒருநாளும் அப்படிக் கொடுக்க மாட்டேன்.
நன்றாகத்தான் இருந்தது.